மூக்குக்குக் கீழே எடுத்த படம்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த புதிதில் வினோதினி தலைவலி மாத்திரை எழுதியே அலுத்துப்போனாள். வருகிறவர்கள் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள். நெற்றிப்பொட்டில் வலி, காதுக்கு முன்னால் வலி. மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார்கள், நாலு நாளில் மறுபடி வந்து நிற்பார்கள். அவள் பக்கத்து மீஞ்சூர்க்காரிதான், ஆனாலும் ஏரிப் பிழைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொள்ள இன்னொரு டாக்டர் அங்கே இல்லை.

அப்போதுதான் இணைய வகுப்பு கிடைத்தது. கிராமத்து டாக்டர்களுக்கென்று டாக்டர் பூபதி நடத்தியது. புதன்கிழமை சாயங்காலம் மருந்து அறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்தால் சிக்னல் நிற்கும். பாம்பு கடித்து வந்த ஒருவரை ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் உயிரோடு வைத்திருந்தது அங்கே கற்றதால்தான்.

"தெரியலன்னு சொல்ல வெட்கப்படாதீங்க. நாம கதவைச் சாத்திட்டுத்தான் பேசுறோம்" என்பார் பூபதி. படித்த கல்லூரியில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. தெரியாததையெல்லாம் அங்கே சொன்னாள். தவறான மருந்து கொடுத்துவிட்டுத் தூங்காமல் கிடந்ததைக்கூடச் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை தாடை மூட்டு வலி பற்றிப் பாடம். பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டாள். கரையோரம் போகும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்களுக்குச் சேற்றைத் தடவ இரண்டு கையும் வேண்டும். இறாலைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி நிறைய நிறைய பாரம் தாடைக்கு.

மறுநாள் வந்த முத்தம்மாளை வாயைத் திறக்கச் சொன்னாள். முன்பற்கள் இரண்டிலும் கயிறு இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. உதட்டோரத்தில் ஆறாத புண்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு டாக்டரம்மா? மாப்ள ஊட்டுக்கு அனுப்பப் போறியா?"

நர்ஸ் எலிசபெத் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வகுப்புல காட்டி வைத்தியம் கேக்கணும். டாக்டருங்க மட்டும்தான் பாப்பாங்க. மூஞ்சி தெரியாது."

"நீ சொன்னா சரி."

மூக்குக்குக் கீழிருந்து மோவாய் வரை எடுத்தாள். கண்ணை மறைத்துவிட்டால் ஆள் தெரியாது என்பது அவள் படித்த வைத்தியத்தின் வழக்கம்.

வகுப்பில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கயிற்றில் பருத்தித் துணி சுற்றலாம். இடையிடையே கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். முத்தம்மாள் செய்து பார்த்தாள், வலி குறைந்தது. மற்ற பெண்களையும் அவளே இழுத்து வந்தாள். "எங்க டாக்டரு" என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிவருவாள்.

பிறகு ஒரு காலை எலிசபெத் போனை நீட்டினாள்.

"மேடம், இது முத்தம்மாக்கா வாய்தானே?"

அதே படம், வீடியோவாக. அடியில் தடதடவென்று இசை. 'பல்லால் இறால் சுமக்கும் பெண்கள், அதிர்ச்சிக் காட்சி' என்று சிவப்பு எழுத்து. கூடவே வகுப்பில் பேசிய பூபதியின் குரல். கரையில் எல்லார் போனிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணே தெரியலையே எலிசபெத். எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"இன்னா மேடம் இப்பிடிக் கேக்குறீங்க? தண்ணில எதிரெதிரா நின்னு நாள் பூரா பாக்கறது அந்த வாயத்தான். யாரு எப்பிடிப் பறி கடிப்பான்னு சின்னப் பசங்களுக்கே தெரியும்."

பூபதியைக் கூப்பிட்டாள்.

"பாத்தீங்களா டாக்டர்! உங்க கேஸ்தான் இருக்கிறதுலயே அதிகமா ஓடுது."

"கதவைச் சாத்திட்டுப் பேசுறோம்னு சொன்னீங்களே சார்."

"வகுப்பு தொடர்ந்து நடக்கணும்னா வெளியில நாலு பேர் பாக்கணும்மா. ஆளே தெரியலையே. சரி, வருத்தமா இருந்தா எடுத்துடறேன்."

எடுத்தும் விட்டார். அதற்குள் அது ஊர் ஊராகப் போயிருந்தது. அவர் குரலில் கோபமில்லை, குற்ற உணர்வுமில்லை. தவறான மருந்தைப் பற்றித் தான் சொன்னதை எங்கே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று வினோதினிக்குப் பயமாக இருந்தது.

முத்தம்மாள் வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"மூஞ்சி தெரியாதுன்ன."

"எனக்கே தெரியாம நடந்துபோச்சு முத்தம்மா."

"உனக்கே தெரியாதா? அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்? வாய்ப்புண்ணுக்காரி எறா வாணான்றான் யாவாரி சுபாஷு. உசுரோட துள்ளுது, தொட மாட்டேன்றான். உன்ன நம்பித்தான வாயத் தொறந்தேன்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இறால் எடுக்கும் வியாபாரி சுபாஷிடம் வினோதினி நேரில் போனாள். அந்தப் புண் இறாலில் ஒட்டாது என்று விளக்கினாள்.

"எனக்குத் தெரியாதா டாக்டரு? எங்க ஊட்ல அதத்தான் துன்றோம். வீடியோ பாத்து பயந்துக்கினவனுக்கு யாரு சொல்றது?" சுபாஷ் தராசைத் துடைத்தபடி சிரித்தான். "வேணும்னா நீயும் ஒரு வீடியோ போடேன்."

புதன்கிழமை வந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பூபதியின் செய்தி ஒன்று: 'அடுத்த கேஸ் இருக்கிறதா டாக்டர்?' வினோதினி பதில் எழுதவில்லை. கரைக்கு நடந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முத்தம்மாள், தான் பிடித்த இறாலைக் கரையேறியதும் இன்னொருத்தி பறியில் கொட்டி, அந்தப் பெண்ணின் சரக்காக விற்கிறாள் என்று எலிசபெத் சொல்லியிருந்தாள்.

"முத்தம்மா!"

முத்தம்மாள் நிமிர்ந்தாள். கயிற்றை வாயிலிருந்து எடுக்கவில்லை. பல்லைக் கடித்தபடியே பேசுவது அவர்களுக்குள் வழக்கம், அது அவர்களுக்கு விளங்கும். அவள் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வினோதினிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

முத்தம்மாள் மறுபடி குனிந்து சேற்றைத் தடவத் தொடங்கினாள். கயிற்றில் சுற்றிய துணியைக் காணோம். மற்றவர்கள் கயிற்றிலும் இல்லை.