உறுத்தாத கம்பளி

சிங்காநல்லூர்ப் பக்கம் பஞ்சாலைகளுக்கு நடுவே ஒரு கம்பளி நூல் மில் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மெரினோ ஆட்டு ரோமம் கப்பலில் வந்து, அங்கே நூலாகி, குளிர் நாடுகளுக்குப் போகும். ரோமத்தைச் சீவி நேராக்கும் இயந்திரத்தில் ரசாக்குக்கு வேலை. கோட்டைமேட்டில் வீடு, மனைவி சாஜிதா பேகம், மகள் ரிஃபத். வருடக்கணக்காகக் கம்பளியோடே கிடந்தவர் வீட்டில் கம்பளி உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. கோயம்புத்தூருக்கு அது எதற்கு என்றுதான் இருந்தார்.

1994இல் சாஜிதாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வெயில் காலத்திலும் அவளுக்குக் குளிர்ந்தது. தோல் வறண்டு ஓயாமல் அரித்தது.

டவுன்ஹால் கடையில் ரசாக் ஒரு கம்பளிப் போர்வை வாங்கி வந்தார். போர்த்திய சற்று நேரத்தில் அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"முள்ளு மேல படுத்தாப்பல இருக்குதுங்க."

கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு பருத்திப் போர்வைகளையே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். உடம்பு வேர்த்தால் அவை நனைந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடி நடுக்கம்.

ரசாக் மில் அதிகாரி லட்சுமிநாராயணனிடம் போனார்.

"சார், மிச்ச நூல் ஏதாச்சும் கெடைக்குங்களா? ஊட்டுக்காரிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னோணும்."

அவர் உடனே விற்பனைக்கு ஆகாத சில நூல் கோன்களைத் தரச் சொல்லி, வாசல் காவலருக்கும் தானே சொல்லிவிட்டார்.

நூல் சுற்றும் பிரிவில் இருந்த செவ்வந்திக்குப் பின்னல் தெரியும். "கொண்டாங்கண்ணா, நானே பின்னித் தாரேன்" என்றாள்.

"வேண்டாம் அம்மணி. எனக்குச் சொல்லிக்குடு."

சாஜிதாவின் ரத்தம் குழாய் வழியே வெளியேறித் திரும்பும் நேரமெல்லாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பது அவரால் ஆகவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கேன்டீனில் மீசை வைத்த ஆள் ஊசியும் நூலுமாக இருப்பதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். யாருக்கு என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பின்னினார், தப்பு விட்டார், பிரித்தார், மறுபடி பின்னினார்.

டிசம்பரில் ஸ்வெட்டர் முடிந்தது. சாஜிதா போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். ஸ்வெட்டரின் ஒரு கை நீளமாகி விரல்வரை மூடிவிட்டது.

"ஏனுங்க, எனக்கு ஒரு கை குட்டைன்னு இத்தன வருசமாச் சொல்லவே இல்லீங்களே."

அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. ரிஃபத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இரவு படுக்கும்போதும் சாஜிதா அதைக் கழற்றவில்லை. "இதுவும் ஆட்டு முடிதானுங்களே. இது மட்டும் எப்படி உறுத்தாம இருக்குது?"

"அந்தப் போர்வையில இருக்கறது தடிச்ச முடி. நுனி வளையாம நின்னு குத்தும். நான் சேவ் பண்ணி ரெண்டு நாளு ஆச்சுன்னா என் தாடை எப்படி இருக்கும்? அது மாதிரி. இது ரொம்பச் சன்னம். தோல்ல பட்டதுமே வளைஞ்சு குடுத்துரும். நம்ம ரிஃபத் பொறந்தப்ப அவ தலையத் தடவுனமே, அப்படி."

"வேர்த்தாலும் நசநசங்கல."

"வேர்வை ஆவியா இருக்கறப்பவே முடி உள்ளுக்கு இழுத்து வெச்சுக்கும். மேல ஈரம் தெரியாது."

அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நன்றாகத் தூங்கினாள். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் உடுப்பு அதைக் கூட்டவில்லை. அவ்வளவுதான் ரசாக்கால் செய்ய முடிந்தது. பிப்ரவரியில் காய்ச்சல் கண்டது. ஒரு காலை, ரிஃபத் கஞ்சி கொண்டு வந்தபோது சாஜிதா கண் திறக்கவில்லை.

குளிப்பாட்ட வந்த பெண்கள் கதவைச் சாத்தினார்கள். இனி அவளுக்குத் தைக்காத வெள்ளைப் பருத்தித் துணிதான். ரசாக் வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் ரிஃபத், அம்மா போட்டிருந்த ஸ்வெட்டரை மடித்து எடுத்து வந்தாள்.

"கத்திரி போட்டு வெட்டலீங்க அத்தா. பதனமாக் கழட்டிட்டோம்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்க கண்ணு" என்றார்.

மில்லுக்குத் திரும்பிய அன்று, இயந்திரத்திலிருந்து வெள்ளை ரோமம் வழிந்து வந்தது. அதைக் கையில் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை. பிடித்தவர் விட்டுவிட்டு, லட்சுமிநாராயணனிடம் போய் நின்றார்.

"சார், என்னைக் கொதிகலனுக்கு மாத்திப் போடுங்க."

"அங்க சூடு தாங்காது ரசாக். இங்க என்ன குறை?"

"ஒண்ணுமில்லீங்க. கையில பட்டா மெத்துன்னு இருக்குதுங்க. அதான் முடியலீங்க."

அடுத்த வாரத்திலிருந்து அவர் கொதிகலனில் வேலை பார்த்தார்.