பனைகளுக்கு நடுவே போகிற டிராக்டர்

சின்ன டிராக்டருக்குச் சின்ன விலைதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ராமநாதபுரத்தில் அந்த ஷோரூமுக்குள் காலெடுத்து வைத்தேன். விலையைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற வண்டியின் டயரைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தரை லட்சமாம். அதுவும் வெறும் வண்டிக்கு. பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் தனி, பதிவுச் செலவு தனி, இன்சூரன்ஸ் தனி. விற்பனைக்காரத் தம்பி ஒவ்வொரு தனியையும் சிரித்த முகத்தோடு சொன்னார். என் தோளுயரத்துக்கு நிற்கிற ஒரு வண்டிக்கு இத்தனை தனியா என்று எனக்கு மூச்சு முட்டியது.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் அவர்.

தண்ணீருக்கு மட்டும் தனியாகக் காசு கேட்கவில்லை.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். எதற்கெடுத்தாலும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வேன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். தக்காளி விலைக்கும் வைப்பேன், கரண்டு பில்லுக்கும் வைப்பேன். அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு, இவளுக்கு இதே வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ஆவணியில் எனக்கு விழுந்தது வேறு அடி.

மாரியூர்ப் பக்கம், கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், எங்கள் அய்யா விட்டுப்போன பனங்காடு ஒன்று உண்டு. எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. இன்னும் பிரிக்கவில்லை. அண்ணன் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறார், நான் டவுனில் இருக்கிறேன். பல வருஷமாக உழாமல் போட்டதில் பனைகளுக்கு இடையே சீமைக்கருவேல் புகுந்து, ஆள் நுழைய முடியாத அளவுக்கு முள்ளாகிவிட்டது. வாடகை டிராக்டர்காரர்களைக் கூப்பிட்டால் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, "மரத்த எடுத்துட்டுக் கூப்பிடுங்க, வாரோம்" என்று போய்விடுவார்கள். பெரிய வண்டி உள்ளே நுழையாது. கருவேலை ஒழித்துவிட்டு நிலக்கடலை போட வேண்டும் என்பது அண்ணனுடைய ஆசை. பனையில் ஒன்றுகூடப் போகாமல் அதைச் செய்ய வேண்டும் என்பது என்னுடைய நிபந்தனை.

பனை ஏன் அவ்வளவு முக்கியம் என்று அண்ணன் கேட்டதுண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் பனைகளை எடுத்துவிட்ட பிறகு அவருடைய கிணறு உப்பாகிப் போனதை இருவருமே பார்த்தோம். அதுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எங்கள் கிணறு இன்றைக்கும் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறது. அது போக, அந்தக் காட்டுக்குள் நின்று ஓலைகள் உரசுவதைக் கேட்டால், நாளெல்லாம் மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு வந்த தலைவலி எனக்கு இறங்கிவிடும். எனக்கு அந்த மரங்கள் வேண்டும், அவ்வளவுதான். இதை அண்ணனிடம் எத்தனையோ தடவை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

பனையை யாரும் வரிசை பார்த்து நட்டதில்லை. கொட்டை விழுந்த இடத்தில் முளைத்தவை. அதனால் வண்டி பார்க்கப் போகும் முன் காட்டை அளக்கலாம் என்றேன். ரோட்டிலிருந்து உள்ளே போவதற்கு இருந்தது ஒரே வழி, இரண்டு பனைகளுக்கு நடுவே. மற்ற இடமெல்லாம் அதைவிட நெருக்கம். அந்த இரண்டைத் தாண்டிவிட்டால் உள்ளே எப்படியும் வளைந்து வளைந்து ஓட்டிக்கொள்ளலாம். அண்ணன் வீட்டில் கிடந்த வலைக்கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை அவர் ஒரு பனையில் வைத்துப் பிடிக்க, நான் அடுத்த பனைவரைக்கும் இழுத்து, தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சுக்குள் அடங்குகிற வண்டிதான் நமக்கு என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஷோரூமில், கூட வந்த அண்ணன் பக்கத்தில் நிற்க, அந்தக் கயிற்றை எடுத்து, பின்சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளிவிளிம்புவரை பிடித்துப் பார்த்தபோது, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். "அக்கா, அளவெல்லாம் புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார் விற்பனைக்காரத் தம்பி.

"உங்க புத்தகம் எங்க காட்டப் பாத்துருக்கா?" என்றேன்.

முதலில் காட்டிய வண்டி முடிச்சைத் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. பரமக்குடியில் இன்னொரு கடையில் பழைய வண்டி ஒன்று மலிவாக வந்திருக்கிறது என்று அங்கேயும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். விரல் அகலத்தில் தவறிப்போனது. அந்த விரல் அகலத்துக்காக அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! மறுபடி ராமநாதபுரத்துக்கே வந்தோம். திராட்சைத் தோட்டங்களுக்கென்று வந்த ஒடுக்கமான வண்டி ஒன்று மூலையில் நின்றது. நான் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, விலைக்குப் பயந்து அன்றைக்கு அளக்காமல் விட்ட அதே வண்டி. கயிற்றைப் பிடித்தேன். முடிச்சுக்கு உள்ளே இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம் மிச்சமிருந்தது.

அப்போதுதான் தம்பி தன்னுடைய வேலையைக் காட்டினார். போன வருஷத்துப் பெரிய வண்டி ஒன்று தேங்கி நிற்கிறதாம். சின்னதற்குச் சொன்ன விலைக்கு மேல் அறுபதாயிரம் போட்டால் அதையே எடுத்துவிடலாமாம். இதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குதிரைசக்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இந்தச் சின்னதற்கு எதற்கு இவ்வளவு விலை? "ஒடுக்கமா செய்யறதுக்குத்தான்க்கா காசு" என்றார். ஒடுங்கி இருப்பதற்குக் கூடுதல் காசு கேட்கிற பொருளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் பெரிய வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"அண்ணே, இறங்கு."

"சும்மா உக்காந்து பாத்தேன் தாயி."

"பாத்தாச்சுல்ல, இறங்கு. இது உள்ள போகாது."

இறங்கினார். சின்ன வண்டிக்கே விலை பேசினோம். அது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடியில் விலை பேசலாம், முன்பணம் கொடுக்கலாம், வண்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது ஷோரூம்காரர்களுக்கும் தெரியும் என்பதால் ஆடியில்தான் கொஞ்சம் இறங்கி வருவார்கள். நான் இறங்கச் சொன்ன அளவுக்கு அவர் இறங்கவில்லை. முன் பம்பரும் பின் கொக்கியும் இலவசம், ரோட்டவேட்டரில் ஒரு தொகை குறைவு, முள்ளுக்குத் தாங்கும்படி டியூபில் ஊற்றுகிற மருந்தும் அவர் பொறுப்பு என்று முடிந்தது. ஆளுக்குப் பாதி என்பது எங்கள் பேச்சு. என் பாதிக்கு நான் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தேன்.

"என் பாதிய நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. மூத்தவரிடம், அதுவும் ஷோரூமில் நாலு பேர் பார்க்க, பணம் இருக்கிறதா என்று தங்கச்சிக்காரி கேட்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். சொன்னால் செய்துவிடுவார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி முழுக்க எனக்குக் கடையைவிட்டு அசைய முடியவில்லை. காலேஜ் சேர்க்கைக்காகச் சான்றிதழும் கையுமாகப் பிள்ளைகள் வாசலில் நிற்க, காட்டுப் பக்கம் போக நேரமில்லை. அண்ணன் மட்டும் அடிக்கடி போன் பண்ணினார். "ஆளு விட்டு வெட்டிச் சுத்தம் பண்ணிக்கிட்டிருக்கேன் தாயி. வண்டி வாரதுக்குள்ள முடிச்சிரணும்" என்பார். பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்கும். கருவேலத்துக்கு மெஷின் ரம்பமே வைத்துவிட்டாரே, என்ன சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அந்தச் சத்தத்தை மீறி, "பாத்து, கையக் கால வெட்டிக்கிடாதீங்க" என்று கத்தினேன். சரி சரி என்று சிரித்தார். பாதிப் பணமும் சொன்ன நாளில் ஷோரூமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் முதல் நல்ல நாளில் வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றினார்கள். முன்சீட்டில் லாரி டிரைவர், விற்பனைக்காரத் தம்பி, நான். டிராக்டரை ஓட்டிக் காட்டுகிற பையன் பின்னால் வண்டியோடு வந்தான். ஊர்க் கோயிலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கினோம். அண்ணன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். டிராக்டர் முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். ரோடு வளைகிற இடத்தில் நான் தலையைத் தூக்கினேன்.

கடல் தெரிந்தது.

எங்கள் காட்டிலிருந்து ஒரு நாளும் கடல் தெரிந்ததில்லை. வேறு யாருடைய நிலத்துக்கோ வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிணற்றைப் பார்த்தேன், எங்கள் கிணறுதான். அதைச் சுற்றி மண்ணோடு மண்ணாக அறுத்த அடிமரங்கள். கருவேலமும் இல்லை, பனையும் இல்லை. சத்தம் போட வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றுகூட நேரே கடலிலிருந்து வந்து, மணலை வாரி முகத்தில் அடித்தது.

விற்பனைக்காரத் தம்பிக்கும் ஒன்றும் புரியவில்லை. நிலத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் கைப்பையைப் பார்த்தார். "அக்கா, மரம் இருக்குன்னுல்ல சொன்னீங்க? இந்த வெட்டவெளிக்குப் பெருசே எடுத்திருக்கலாமே!"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "மரமெல்லாம் எங்கண்ணே?"

அவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "செங்கச் சூளைக்காரன் வந்து கேட்டான் தாயி."

"கேட்டா?"

"என் பாதிக்கு நான் எங்க போவேன்? கையில இருந்தத எல்லாம் மகளக் காலேஜுல சேத்ததுக்குக் கட்டிட்டேன். மூத்தவன் நான், உங்கிட்ட வந்து இல்லேன்னு கைய விரிக்கச் சொல்றியா?"

"பனைய வெட்ட அனுமதி வாங்கணுமே, அதாவது தெரியுமா உனக்கு?"

"அத அவன் பாத்துக்கிறேன்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். என் பாதியோடு அவருடைய பாதியையும் எப்படியாவது புரட்டியிருப்பேன். அடுத்த சீட்டை எடுத்திருப்பேன், வளையலை வைத்திருப்பேன். இல்லாவிட்டால் வண்டியே வேண்டாம் என்றிருப்பேன். மரங்கள் மிஞ்சுவதற்காகத் தேடித் தேடி, கூடுதல் விலை கொடுத்து எடுத்த வண்டியின் பாதி, அந்த மரங்களாகவே இருந்தது. இதை நான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பது போலவே இருந்தது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"ஒண்ணுமே மிச்சம் வைக்கலன்னு நினைக்காத. அங்கன பாரு" என்று ரோட்டோரத்தைக் காட்டினார் அண்ணன்.

இரண்டு பனைகள் நின்றன. ரோட்டிலிருந்து உள்ளே போகிற வழியில், நான் கயிறு பிடித்து அளந்த அதே இரண்டு.

"அந்த ரெண்ட மட்டும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நானே நின்னு பாத்துக்கிட்டேன். நீ அவ்வளவு ஆசையா அளந்த மரம்ல" என்றார்.

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எனக்காக ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தவருடைய முகம் அது.

அதற்குள் டிராக்டர்காரப் பையன் வண்டியை ரோட்டிலிருந்து நிலத்துக்குள் இறக்கத் தொடங்கியிருந்தான். எதிரே இரண்டு மரம் நிற்கிறது, அக்கம்பக்கமெல்லாம் வெறும் தரை. எந்த ஓட்டுநரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். மரங்களை ஒதுக்கிவிட்டு இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் மறித்தார்.

"ஏலே, அங்கிட்டு எங்க போற? திருப்பு. இந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல விடு. என் தங்கச்சி அளந்து எடுத்த வண்டிடா இது!"

பையன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு பின்னால் எடுத்து, சக்கரத்தை நேர் செய்து, மெதுவாகப் பனைகளுக்கு நடுவே விட்டான். கைப்பைக்குள் இருந்த கயிற்றை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அண்ணன் குனிந்து, முதலில் இந்தச் சக்கரத்தையும் பிறகு அந்தச் சக்கரத்தையும் பார்த்தார். இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம் மிச்சம் வைத்து வண்டி உள்ளே போனது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கை தட்டினார். "பாத்தியா தாயி? கொஞ்சம்கூட உரசல!"

உரசவில்லைதான். அந்தப் பக்கம் போன வண்டி நேராகக் கடலைப் பார்த்து ஓடியது. வளைந்து திரும்புவதற்கு அதன் வழியில் ஒரு மரமும் இல்லை.