பேனரில் மெலியாதவள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லேபிள் வடிவமைப்பது என் வேலை. சீசனில் பட்டாசுப் பெட்டி, அது முடிந்ததும் காலண்டர், இரண்டும் ஓய்ந்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஃப்ளெக்ஸ் பேனர். பேனர் என்றால் ஆட்களைத் திருத்துவதுதான் பாதி வேலை. படத்தைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றைத்தான் கேட்பார்கள்.

“அக்கா, தொப்பைய மட்டும் லேசா உள்ள தள்ளி விட்ருங்க.”

வார்டு எலெக்‌ஷனுக்கு நிற்கிறவரும் கேட்பார், சடங்கு வீட்டுத் தாய்மாமனும் கேட்பார். மவுஸை நாலு இழுப்பு இழுத்தால் இடுப்பு உள்ளே போய்விடும். மறுநாள் அந்த பேனருக்குக் கீழேயே பழைய தொப்பையோடு நின்று எல்லாருக்கும் கும்பிடு போடுவார்கள். கூசவே கூசாது. பல வருஷம் இந்த வேலை பார்த்ததில் மனிதர்கள் மேல் எனக்கிருந்த மரியாதையில் பெரும்பகுதி கழன்று போய்விட்டது.

எனக்கும் உடம்பு உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன். காலையில் விருதுநகரில் பஸ் ஏறினால் ஆமத்தூர் தாண்டும்வரை தூங்குவேன், இறங்கி அச்சகத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் சாத்தூர்ப் பக்கம் வேன் ஓட்டுகிறார். தினமும் ராத்திரி ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்காமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து அதைக் காலி செய்வோம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் மிச்சமிருந்த ஒரே பேச்சுவார்த்தை அந்தப் பொட்டலம்தான். இப்படி ஏறிய உடம்பு. முட்டி வலிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே “வெயிட்டக் குறைங்க” என்றார். இதைச் சொல்ல அவர் அத்தனை வருஷம் படித்திருக்க வேண்டியதில்லை.

விஷயம் முற்றியது இருக்கன்குடிக் கோயிலில். என் கொழுந்தன் பொண்டாட்டி, அதாவது எனக்கு ஓரகத்தி, அவளுடைய இளைய மகனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, மண்டபத்தில் தரையில் இலை போட்டுப் பந்தி. நன்றாகச் சாப்பிட்டேன், அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கக் கையை ஊன்றினால் முட்டி மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. மறுபடி ஊன்றினேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். இலை எடுக்கிறவர் என் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் மட்டும் வெறுந்தரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

ஓரகத்தி அப்போது ஓடிவந்து என் தோளில் கையைப் போட்டாள்.

“அக்கா, இனிமே உங்கள நான் விடமாட்டேன். எங்கிட்ட வந்துருங்க. எம்புட்டுப் பேரக் கொறச்சு விட்ருக்கேன், உங்களக் கொறைக்க மாட்டனா?”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். காது குத்த வந்த இடத்தில் அவளுக்கு வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் விருதுநகரில் எடை குறைக்கும் கிளப் ஒன்று நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு கடையறை, சுவர் முழுக்கப் பச்சை பெயிண்ட், வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். விடிந்ததும் அங்கே போனால் முதலில் கசப்பாக ஒரு டம்ளர் டீ, அப்புறம் வெனிலா வாசனையில் கெட்டியாக ஒரு டம்ளர் மாவுத்தண்ணீர். அதுதான் காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடும் அதுதான். குடித்து முடித்ததும் பாட்டுப் போட்டுக் கைதட்டுவார்கள். ஒருத்தர் எழுந்து நேற்றைவிட இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறேன் என்பார், தட்டுவார்கள். இன்னொருத்தர் குறையவில்லை, ஆனால் மனசு லேசாக இருக்கிறது என்பார், அதற்கும் தட்டுவார்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குக்கூட யாரும் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. வீட்டில் என்னை அக்கா என்கிறவள் அங்கே மேடம் என்பாள். தன்னை எல்லாரும் கோச் என்று கூப்பிட வேண்டும்.

பந்தியில் பட்ட வெட்கத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தினாள்.

“மேடம், உங்களோட ‘ஏன்’ என்னன்னு எல்லாருக்கும் சொல்லுங்க.”

“என்னது?”

“நீங்க ஏன் எடை குறைக்கணும்? அந்தக் காரணம் மனசுல பலமா இருந்தாத்தான் கடைசி வரைக்கும் போக முடியும்.”

“முட்டி வலிக்கி.”

“அது சின்னக் காரணம். இன்னும் பெருசா யோசிங்க. உங்க பிள்ளைகளுக்காக, உங்க கனவுக்காக…”

“கனவுல எனக்கு முட்டி வலிக்கல. முழிச்சிருக்கும்போதுதான் வலிக்கி.”

ஒரே ஒருத்தி மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

இதுபோக செல்போனில் ஒரு குரூப். விடியுமுன்னே படம் வந்து விழும். மலை உச்சியில் ஒருத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள், பின்னால் சூரியன் உதிக்கும், கீழே நாலு வரி உபதேசம். அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற படம். நானே அவளை எடுத்து ஒரு புஸ்வாண டப்பாவில் போட்டிருக்கிறேன். சூரியன் இருந்த இடத்தில் பொறி பறக்கவிட்டேன், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எடை இறங்கத்தான் செய்தது. இரண்டு வேளை சோறு தின்னாவிட்டால் மாட்டுக்கும் இறங்கும். கோச் என் கையைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள். பிறகு நின்றுவிட்டது. வாரக்கணக்கில் முள் அசையவில்லை. மத்தியானம் அச்சகத்தில் பசி தாங்காமல் கண்ணைக் கட்டும், பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு வடை வரும். இதை அவளிடம் சொன்னேன்.

“நம்பிக்கை இல்லாமக் குடிக்கீக மேடம். அதான் கேக்க மாட்டேங்கு.”

“பேதி மாத்திரைய நம்பிக்கை இல்லாமப் போட்டாலும் கேக்குதே?” என்றேன்.

அன்றைக்கு எனக்குக் கைதட்டல் இல்லை.

கிளப்புக்கு ஆண்டுவிழா வந்தது. அவள் நேராக எங்கள் அச்சகத்துக்கே பேனர் ஆர்டர் கொடுக்க வந்தாள். எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவள் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செல்போனை நீட்டினாள். பேனரில் இரண்டு படம் வேண்டும். ஒன்றின் கீழ் ‘முன்பு’, மற்றதன் கீழ் ‘பின்பு’. முன்பு என்று அவள் காட்டிய படம் இருக்கன்குடியில் எடுத்தது. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்குகிறார்கள், என் வாய் திறந்திருக்கிறது, முந்தானை ஒதுங்கியிருக்கிறது. பின்பு என்பது முந்தின வாரம் கிளப் வாசலில் என்னை நிறுத்தி எடுத்தது.

“இதையா போடப்போற?”

“இது இருந்தாத்தானக்கா எஃபெக்டு. ரெண்டாவது படத்துல மட்டும் இடுப்ப நல்லா இழுத்து விட்ருங்க. கழுத்துக்குக் கீழ அந்தச் சதையையும். ஊருக்கெல்லாம் செய்றீக, உங்களுக்குச் செய்யத் தெரியாதா?”

“நான் இன்னும் குறையலயே?”

“குறைஞ்சிருவீகள்ல? பேனரப் பாத்தா உங்களுக்கே ஒரு ஆசை வரும். அதாங்க்கா மோட்டிவேஷன்.”

சொல்லிவிட்டு, சிவகாசிக்கு வந்ததோடு துணி எடுக்கிறேன் என்று கடைவீதிக்குப் போய்விட்டாள்.

நான் படத்தைத் திறந்தேன். செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. இடுப்பை இழுத்தேன். கழுத்தை ஒழுங்குபடுத்தினேன். புஜத்தைச் செதுக்கினேன். ஊரான் வீட்டுத் தொப்பைக்குக் காட்டாத கவனத்தை எனக்குக் காட்டினேன். டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் ஒருத்தி நின்றாள். கல்யாணமான புதிதில்கூட நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஓரகத்தி சொன்னது சரிதானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த வார்டுக்காரர் ஞாபகம் வந்தார். பேனருக்குக் கீழே கும்பிட்டுக்கொண்டு நின்றாரே, அவர். நானும் தினமும் காலையில் பஸ் ஏற அந்த பேனரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். எத்தனை பேருக்கு இந்த அசிங்கத்தைச் செய்து கொடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்குக் கூசியது.

இழுத்ததை எல்லாம் அழித்துவிட்டு, திருத்தாத படத்தையே ‘பின்பு’ என்று வைத்தேன். இருக்கன்குடிப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிளப்பில் சேர்ந்த அன்று எடுத்த படத்தை ‘முன்பு’ என்று வைத்தேன். இரண்டு படமும் ஒரே அளவு, ஒரே உயரம். ஒரு நூல்கூட இழுக்கவில்லை.

பிரிண்டுக்குப் போகுமுன் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ரெண்டும் ஒண்ணு மாதிரில்ல இருக்கு?”

“ஆமா அண்ணாச்சி. ரெண்டும் நான்தான.”

அவர் என்னையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பிரிண்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுருட்டிக் கட்டிய பேனரை அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். ராத்திரியே ஆள் வைத்துக் கட்டியும் விட்டார்கள்.

மறுநாள் கிளப்புக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுது. ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற போட்டியா என்று கேட்டார்களாம். அவள் சாயங்காலம் புருஷனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கொழுந்தன் வாசலோடு நின்றுகொண்டார். அவள் மட்டும் உள்ளே வந்து கத்தினாள்.

“எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டீகளேக்கா! உங்களுக்கு நல்லது செய்யணும்னு நெனச்சேம் பாருங்க.”

“உள்ளதத்தான போட்டேன்?”

“உள்ளதப் பாக்க எவ வருவா? உங்க உடம்புல கொழுப்பு இல்ல, வாயிலதான் இருக்கு. நீங்க இந்த சென்மத்துல குறையமாட்டீக. தனியா உங்களால ஒரு வாரம் தாண்ட முடியாது, பாத்துக்கிருவோம்.”

என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனபிறகு, “அந்தப் பேனரு இன்னும் தொங்குதா? ஒரு நட போயிப் பாக்கணுமே” என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. எனக்குக் கோபத்தில் பசிக்கவில்லை, அவர் தனியாகப் பிரிக்கத் தைரியப்படவில்லை.

மறுநாள் விடியுமுன் எழுந்து சூலக்கரைப் பக்கம் ரோட்டில் நடக்கப் போனேன். என்னை நான் நேசித்ததால் போகவில்லை, ஆரோக்கியத்துக்காகவும் போகவில்லை. அந்தப் பொம்பளை சொன்னது பலித்துவிடக் கூடாது. அது ஒன்றுதான். உன்னை நீ நேசி, அப்போதுதான் ஊக்கம் வரும் என்று ஊரெல்லாம் எழுதிப் போடுகிறார்கள். என்னை எழுப்பிவிட்டது அதுவல்ல. அவள் மூஞ்சியை நினைத்தால் போர்வை தானாக விலகும்.

அந்த ரோட்டில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் காலையில் நடக்கிறவர்களிலும் பார்த்து ரசிக்கிற மாதிரி ஒருத்தரும் இல்லை. கையை வீசி ஊரையே இடிக்கிறவர்கள், செல்போனில் நிலத்தகராறு பேசிக்கொண்டே நடக்கிறவர்கள், முடித்துவிட்டு நேராகப் பஜ்ஜிக்கடையில் போய் நிற்கிறவர்கள். எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். அதில் தூரம் தெரியவில்லை.

ஆனால் கோபமும் தீர்ந்துபோகிற சரக்குதான். மழை பிடித்த மாதத்தில் ஒருநாள் படுத்தபடி அவள் மூஞ்சியை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளும் கிளப்பை மூடிவிட்டுச் சேலை வியாபாரம் ஆரம்பித்திருந்தாள். யாரை எரிச்சல்படுத்த நான் எழுந்திருப்பது? அன்றைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாவது நாள் மாடிப்படி ஏறும்போது முட்டி ‘சுர்’ரென்றது. எரிச்சலோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கோச் மேடம் சின்னக் காரணம் என்று தள்ளிய அதே முட்டிதான். அப்போதிருந்து பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. பல் தேய்க்க யாரும் மோட்டிவேஷன் தேடுவதில்லை.

வீட்டுக்காரரிடம் காராச்சேவு வாங்கி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். வாங்கி வருவதில்லை. வேனிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறார், சட்டைப் பையில் தூள் இருக்கும், கையில் பூண்டு வாசனை அடிக்கும். நான் கேட்பதில்லை. இந்த வயதில் திருட்டுத்தனம் பண்ண அந்த மனிதருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எடை இறங்கியிருக்கிறது. ஜாக்கெட்டுகளை இரண்டு தடவை பிடித்தாகிவிட்டது. இன்னும் இறங்க வேண்டியது இறங்கியதைவிட அதிகம்.

போன மாதம் நடக்கிற ரோட்டில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். என்னைவிடக் கனம், வீட்டில் யாருடைய ஷூவையோ போட்டுக்கொண்டு சடக் சடக்கென்று வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நிறுத்தினாள்.

“ஏங்க்கா, தெனம் வாறீகளே, எங்கருந்துக்கா உங்களுக்கு இந்த மனசு வருது? எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“மனசெல்லாம் ஒண்ணும் வரல. பேசாம நடங்க” என்றேன்.

மூஞ்சி சுருங்கிவிட்டது. இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தாள். மாமியாரைத் திட்டுகிறாள், வெயிலைத் திட்டுகிறாள், ரோட்டைத் திட்டுகிறாள், வாய் ஓய்வதேயில்லை. காலை நேரத்தின் நிம்மதியே போய்விட்டது. பின்னால் அந்த ஷூ சத்தம் கேட்காவிட்டால் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன், தொலைந்துபோனால் அவள் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.