அதிகாரிக்கு ஒதுக்கிய இடம்

அந்தக் கடலோரச் சரணாலயத்தில் கார் நிறுத்தும் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் ஊதலால் வந்த பெயர். கைவிட்ட இறால் குட்டைகளின் கரையை உடைத்து, கடல்நீரை உள்ளே விட்டு, நடுவே பறவைகளுக்கென்று ஒரு மணல்தீவும் எழுப்பியிருந்தார்கள். தீவில் எல்லாம் இருந்தது, பறவையைத் தவிர. வருகிறவர்கள் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி, தீவுக்கு முதுகைக் காட்டி, தங்களையே படம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

விசில் கோபுரத்தில் ஏறியதே இல்லை. "பறவை என்ன ரிவர்ஸா எடுக்கப்போகுது?" என்பார். ஆனால் அவர் கைகாட்டி நிறுத்திய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

வாசலை ஒட்டிய இடம் சரணாலய இயக்குநருக்கு. சங்கிலி போட்டு ஒதுக்கியது. அவர் வருவதே இல்லை என்பதால், சரணாலயத்திலேயே மனிதக் காலடி படாத இடம் அது ஒன்றுதான். ஓர் ஆட்காட்டிக் குருவி இதைக் கண்டுபிடித்து, அங்கே சரளைக்கல்லின் நடுவே முட்டையிட்டது.

வாசலில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி கூண்டுக்குள்ளிருந்து எச்சரித்தாள்.

"மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா மைதானத்தையே மூடிருவாங்க. அப்புறம் வீட்ல உக்காந்து எனக்குத்தான் விசில் ஊதணும்."

"சொல்லலைன்னா முட்டை நசுங்கிடுமேடி."

"நசுங்காம பாத்துக்குங்க. அதுக்குத்தானே சம்பளம்?"

விசில் முட்டைகளைச் சுற்றிப் பழைய டயர்களை அடுக்கினார். கேட்டவர்களிடம், "பெரிய இடத்து வண்டி வருது" என்றார். நெருங்கியவர்களைக் குருவியே தொண்டை கிழியக் கத்தி விரட்டியது. அவருக்கு முதல்முறையாக ஓர் உதவியாள் கிடைத்தது.

கெட்ட நேரம், ஒருநாள் இயக்குநரே வந்துவிட்டார். டிரைவர் இறங்கிச் சங்கிலியைக் கழற்றி, டயர்களை எட்டி உதைத்துவிட்டு மறுபடி ஏறினார். கார் ஏறிவிட்டால் முட்டையும் இருக்காது, கேள்வியும் இருக்காது. வேலை மட்டும் இருக்கும். விசில் இரண்டு கையையும் விரித்துக் காருக்கு முன்னால் நின்று ஊதினார்.

இயக்குநர் கண்ணாடியை இறக்கினார். "யோவ், அது என் இடம்யா!"

"உங்க இடந்தான் சார். குடும்பத்தோட குடி வந்துட்டாங்க."

இயக்குநர் இறங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், நம்ம திட்டம் பலிக்கும்னு!"

மறுநாளே மைதானத்தை மூடினார்கள். 'இயக்குநரின் அயராத முயற்சியால் உருவான இனப்பெருக்கத் தலம்' என்று பலகை வைத்தார்கள். முயற்சி உண்மைதான், இத்தனை நாள் வராமல் இருந்தாரே. விசிலைக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். தீவுக்குப் பறவை வந்தால் சொல்ல வேண்டுமாம்.

இப்போது அவரும் தீவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார், மைதானத்தைப் பார்த்தபடி.

கீழிருந்து மனைவி கத்தினாள். "ஏங்க, தீவுல ஏதாச்சும் வந்துச்சா?"

"அத யாரு பாத்தா? இங்க குஞ்சு பொரிச்சிருச்சுடி!"