சந்தனம் வைத்த கார்டு

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. அதில் பட்டுநூல் பிசிறு கலந்திருந்தால் வாசனை இன்னும் கொஞ்சம் மாறி, தலைமுடி பொசுங்கப் போவதற்கு ஒரு நொடி முன்னால் மூக்கு எச்சரிக்குமே, அது போல ஆகிவிடும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றும்போதெல்லாம் அதுதான் முகத்தில் அடிக்கும். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் அப்பாவின் தறி, அடுத்த அறையில் அந்தப் பெட்டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இழுத்து மூடிய ஒரு கேம் சென்டரிலிருந்து அப்பா வாங்கி வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பையன்கள் அதில் கார் ஓட்டியிருக்க வேண்டும். அம்புக்குறிப் பொத்தான்கள் நான்கும் தேய்ந்து, ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன.

பகலில் அது கலா அக்காவுக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் எனக்கு. அக்காவுக்குப் பத்தொன்பது வயது, புடவை டிசைன் போடும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாக நிரப்பி யாளியும் அன்னமும் வரைவாள். நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு அந்தப் பெட்டி பிறந்ததே ஆட்டத்துக்காகத்தான், இடையில் வந்தவள் அவள் என்ற எண்ணம்.

அந்தப் புரட்டாசியில் இருவருக்கும் சேர்த்தே பெட்டிக்கு வயதாகிவிட்டது. வகுப்பில் எல்லோரும் பேசிய புது ஆட்டத்தின் சிடியைப் போட்டேன்; கார் வந்தது, வானம் வந்தது, சாலை வரவில்லை. வெள்ளை வெளியில் கார் மிதந்துகொண்டே போகும், எதிரே வண்டி இருந்ததை மோதிய சத்தத்தில்தான் தெரிந்துகொள்வேன். அக்காவின் நிலைமை அதைவிட மோசம். அவள் போட்ட முந்தானை இரண்டு பாதிகளாக இருந்தது. இடப்பக்கம் ஓர் அன்னம், வலப்பக்கம் ஓர் அன்னம், நடுவில் இரண்டின் அலகும் தொட வேண்டும். பாதிகளைச் சேர்க்கப் போனால் திரை உறைந்துவிடும். மவுஸை நகர்த்தினால் அம்பு நகராது. "தொங்கிடுச்சுடா" என்று அவள் சொல்லும்போது குரலில் பயம் இருக்கும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடை முதலாளி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு முழு முந்தானையோடு வர வேண்டும், புது வேலையை அன்றுதான் தொடங்குவார்கள், நாற்காலி ஒன்றுதான். கிடைக்காவிட்டால் என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லத் தேவையில்லை. ராட்டை மூலையில் இருந்தது. அவள் மறுபடி அதன் முன் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்ற வேண்டும்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த சாதிக் அண்ணன் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஊதிய ஊதலில் ஆரஞ்சும் பச்சையுமாகப் பட்டுப் பிசிறு பறந்தது.

"இன்னாபா இது, உள்ள ஒரு புடவையே நெஞ்சி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். "ராம் பத்தலை, அதாம்பா மெமரி. படம் காட்டற கார்டு தனியா கெடையாது, அதுக்கு வேண்டியதையும் அந்த ராம்லருந்துதான் புடுங்கிக்கினு இருக்குது. அப்புறம் இந்தப் பவர் பாக்ஸு, இதோட ஃபேன் தலையாட்டுது பாரு, இது எப்ப வேணா போவும்."

அப்பா தறியிலிருந்தபடியே சொன்னார்: "ஏதாவது ஒண்ணுதான் இப்ப முடியும். அக்காவும் தம்பியும் பேசி ஒண்ணு சொல்லுங்க."

பேசினோம். ஒரு வாரம் வேறெதையும் பேசவில்லை. ராம் என்றாள் அவள், கார்டு என்றேன் நான். பவர் பாக்ஸை இருவரும் வாயால்கூடச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத மூலையில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பங்கிடுகிற ஒரு தகரப் பெட்டிக்காக யார் சண்டை போடுவார்கள்? கார்டு வந்தால் படத்தை அது பார்த்துக்கொள்ளும், ராமுக்குப் பாரம் குறையும், ஆகவே உனக்கும் நல்லதுதான் என்று வாதாடினேன். அது முழுப் பொய்யுமில்லை என்பதுதான் அந்த வாதத்தின் விஷம்.

"டேய், கரைக்காரன் மெதுவா தள்ளும்போது உடல் நெய்யறவன் மட்டும் வேகமா தள்ளினா புடவை வருமா? எது பின்தங்குதோ அதைத்தான் மொதல்ல பார்க்கணும்" என்றாள். உடலும் கரையும், குறுக்கே நூல் கொண்டோடும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோர்வையாகிற புடவையைத் தினமும் பார்க்கிற வீட்டில் இதற்குப் பதில் கிடையாது. அப்பாவும் உள்ளேயிருந்து "கலா சொல்றது சரி" என்றுவிட்டார். முடிந்தது. நான் தலையாட்டினேன்.

சாதிக் அண்ணன் செவ்வாய்க்கிழமைதோறும் சாமான் வாங்க மெட்ராஸ் போவார். அவர் கடை என் பள்ளிக்கூட வழியில். அந்தச் செவ்வாய் காலையில் அக்கா ஒரு துண்டுச் சீட்டில் "ராம் – ஒன்று" என்று எழுதிக் கொடுத்தாள். மாடிப்படியின் பன்னிரண்டு படிகளையும் ஏறும்வரை அதைக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். மேலே போனதும் சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது, வாய் சொன்னது:

"கார்டுண்ணா. வீட்ல கார்டுதான் சொன்னாங்க."

"அக்கா ஒத்துக்கிச்சா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ம்."

மறுநாள் ஆயுதபூஜை. எங்கள் ஊரில் அன்று தறிச் சத்தம் இருக்காது. தினமும் அந்தத் தடதடப்பிலேயே கண்விழித்துப் பழகியவனுக்கு அந்த மௌனம் யாரோ என்னையே உற்றுப் பார்ப்பது போலிருந்தது. முன்னறையில் அக்கா நாடாக்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்து, "நாளைக்கு மானத்தைக் காப்பாத்துப்பா" என்று அதன் தலையில் தட்டினாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பொரி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.

மூச்சு வாங்க மாடியேறி, மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். சாதிக் அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே படித்திருப்பார். "ராம் ஒண்ணு என்கிட்ட இருக்குது. ஆனா கார்டை இப்பதான் பூக்கடைகிட்ட உங்கம்மாவைப் பார்த்து அவங்க கையில குடுத்துட்டு வரேன். கவர் பிரிக்காம கொண்டா, மாத்திக்கலாம். பிரிச்சிட்டா கடைக்காரன் வாங்க மாட்டான், சொல்லிட்டேன்."

திரும்பி ஓடினேன். வழியில் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள், பூசணிக்காய் உடைந்த சிதறல்கள். ஒவ்வொரு சிதறலாகத் தாண்டித் தாண்டி ஓடியது இன்றும் காலில் இருக்கிறது. வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனால், சாமி படங்களுக்கு முன்னால், நாடாவும் கத்தரியும் என் புத்தகங்களும் அடுக்கியிருந்த வாழை இலையில், உறையைக் கிழித்து எடுத்த கார்டு படுத்திருந்தது. அதன் விளிம்பில் வரிசையாக இருந்த தங்கப் பற்களின் மேல் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"கவரோட சாமிகிட்ட வைக்கலாமா? பிரிச்சிட்டேன். பொட்டு எங்க வெக்கறதுன்னு பார்த்தேன், இங்கதான் ஜரிகை மாதிரி மின்னிச்சு" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

அக்கா பின்னால் வந்து நின்றாள். சாதிக் அண்ணன் பெட்டியைத் திறந்த அன்று ராம் எப்படி இருக்கும் என்று அவளும் பார்த்திருக்கிறாள், விரல் நீளம்தான். இலையில் கிடந்ததோ உள்ளங்கையைவிடப் பெரிது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் "கற்பூரம் எங்க வெச்சே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலைவரை தொடக்கூடாது. கம்ப்யூட்டர் இல்லை, ஸ்க்ரூ டிரைவர் இல்லை, கட்டத்தாளில் கையால் வரையலாம் என்றால் பென்சிலும் பூஜையில். அவள் போகும் வகுப்புக்கும் பூஜை விடுமுறை. அன்று பகல் முழுக்க அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் மடியில் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தன. நான் பொரியை மென்றேன், அது வாயில் கரையவே இல்லை.

விஜயதசமி காலை, கற்பூரம் அணைந்ததும் அக்கா சொன்ன முதல் சொல்: "ஸ்க்ரூ டிரைவர் எடு."

கார்டைத் துடைத்து அவளே பொருத்தினாள். சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளமான பீப், பின்னாலேயே குட்டிக் குட்டியாகச் சில. பற்களின் இடுக்கில் சந்தனம் காய்ந்திருந்தது. "ரப்பர்" என்று கையை நீட்டினாள். என் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், குழந்தைக்குப் பல் விளக்கிவிடுவது போல. மணி எட்டைத் தாண்டியிருந்தது. மறுபடி சுவிட்ச். ஒரே பீப். திரை விழித்தது.

முந்தானையின் இடப்பாதி வந்தது. வலப்பாதியை இழுத்தாள். திரை உறையவில்லை. மூச்சுவிடாமல் இருவரும் பார்க்க, வலப்பக்க அன்னம் ஒவ்வொரு கட்டமாக இடம்பெயர்ந்து நெருங்கியது. நான் சொன்னது உண்மையாகிக்கொண்டிருந்தது. என் பொய் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் துள்ளியது. அலகுக்கும் அலகுக்கும் நடுவே நான்கைந்து கட்டங்கள் இருந்தபோது பெட்டியின் முதுகில் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. பிறகு அந்த வாசனை. இந்த முறை முடி பொசுங்கியே விட்டது. பவர் பாக்ஸ் போய்விட்டது.

அக்கா எட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். தாவணியைச் சரிசெய்துகொண்டு, சேராத இரண்டு பாதிகளும் இருந்த ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு நேரத்துக்குக் கிளம்பிப் போனாள். பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டாள். வேறொரு பெண் முழுதாகக் கொண்டுவந்திருந்தாளாம்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா. பழசுதானே."

தை பிறக்கும்வரை ராட்டை சுற்றினாள். அதன் கிறீச்சிடல் கேட்ட மாலைகளில் நான் பெட்டியின் பக்கம் போகவில்லை. தையில் அப்பா பவர் பாக்ஸ் மாற்றினார், ராமும் பின்னால் வந்தது, வேறு கடையில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. என் கார் கடைசியில் சாலையில் ஓடியது. இரண்டு நாள் ஓட்டினேன். பிறகு பிடிக்கவில்லை.

இப்போது செவிலிமேட்டில் என் வீடு. ஜெராக்ஸ் கடை இருந்த கட்டடமே இல்லை. சாதிக் அண்ணன் துபாய் போய்விட்டதாகக் கேள்வி. என் மகளின் கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பக்கம், உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. பழுதானால் பீப் என்று அழுவதில்லை, மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறது, அவ்வளவுதான். போன மாதம் அவள் கேட்டாள், ஆட்டம் திக்குகிறதே, எதை மாற்றலாம் என்று. நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மொதல்ல பவர் பாக்ஸைப் பாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், இருபது வருஷம் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்: சீட்டைக் கொடுக்காமல் கார்டு கேட்டது நான்தான்.

"தெரியும்டா. அன்னிக்கி சாயந்திரமே உன் சட்டையை ஊற வெக்கும்போது சீட்டு பையில இருந்துச்சி. அதுக்குள்ள அண்ணன் மெட்ராஸ் போயிட்டார். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கினே இருந்தேன்." அவளே மேலே சொன்னாள்: "மறுநாள் நீ ஓடினே பாரு, மாத்தத்தான் ஓடறேன்னு அப்பவே புரிஞ்சிடுச்சி. அம்மா கவரைப் பிரிக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். பிரிக்காதேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன்னு அம்மா கேட்பா. உன்னைச் சொல்லணும்."

மறுமுனையில் அவள் வேலை செய்யும் இடத்தின் சத்தம் கேட்டது, யாரோ அவளை "மேடம்" என்று கூப்பிட்டார்கள். அவள் வைத்துவிட்டாள்.

அந்தக் கார்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தங்கப் பற்களில் ஒன்றின் ஓரத்தில், ரப்பர் எட்டாத இடத்தில், இன்னும் கொஞ்சம் மஞ்சள்.