நான் எழுதிய மழை

என் நாட்குறிப்பில் பிழை வராது என்று நம்பியிருந்தேன். சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில், பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து இன்றுவரை ஒரு நாள் விடாமல் நான்கு வரி எழுதுகிறேன்: கிழமை, தமிழ் மாதம், வெயிலா மழையா, யார் வந்தார்கள். தப்பு என்று தெரிந்தால் அடித்து அழிக்க மாட்டேன். பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தி, திருத்திய நாளையும் போடுவேன். அப்படிப்பட்டவள் போன கார்த்திகையில் ஒரு தாளில் ஒரு வரியைத் தப்பாக எழுதினேன். அந்தத் தாளை இன்னொருத்தி திருட்டுத்தனமாகப் படித்தாள். படித்ததோடு நிற்காமல் அந்தப் பிழையைக் கொண்டுபோய் என் தங்கையின் நெஞ்சில் இறக்கினாள்.

தங்கை பனமரத்துப்பட்டியில் இருக்கிறாள். ஏரிப் பக்கம் அவர்களுக்கு முக்கால் ஏக்கர் காடு. எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மாமனார் அதை அவள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். முழுக்க அரளி. மொட்டுப் பறித்து சேலத்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். வடகிழக்கு மூலையில் மட்டும், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில், அரளி நடுவதில்லை. தங்கையின் முதல் குழந்தை அங்கே இருக்கிறது. பெண் குழந்தை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் பிறந்து, பெயர் வைப்பதற்குள் மூன்றாம் நாள் மூச்சு நின்றுபோனது. தங்கை அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். அடக்கம் செய்ததை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஆடியில் தங்கை என்னை ஒரு வகுப்புக்கு இழுத்துப் போனாள். மண்ணோடு சேர்ந்து வாழும் பயிற்சி என்றார்கள். டாரட் சீட்டு எடுப்பது, தினமும் எழுதுவது, பருவத்துக்குப் பருவம் கூடிக் கொண்டாடுவது. நடத்தியவள் வெளியூரிலிருந்து வந்து சேலத்தில் வீடு எடுத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், பருத்திப் புடவை, யாரையும் அதட்டாத குரல். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதினோரு பெண்கள் தங்கையின் காட்டில், மோட்டார் கொட்டகை நிழலில் வட்டமாக உட்காருவோம்.

தங்கையின் கணவர் முதல் நாளே கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

“ஏனுங்கக்கா, சீட்டு இருக்குது, கிளியக் காணமே?”

“பறந்து போயிருச்சுங்க மாப்பிள்ளை. நெல்லு கொண்டாந்து போடுங்க, வரும்.”

“கிளிக்கு ரெண்டு நெல்லுதான். இந்தம்மாளுக்கு என்னத்தப் போடறதுன்னு தெரியலீங்களே.”

சிரித்தோம். அவர் சொன்னதை அன்றைக்கே எழுதிவைத்தேன், வெறும் வேடிக்கை என்று நினைத்து.

இந்தச் சீட்டுகள் இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டானவை, குறி சொல்வது பல காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது என்று படித்திருந்தேன். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் மொட்டை மாடிக்குப் போய் ஒரு சீட்டு எடுப்பேன். படத்தைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்து வேம்பையும் மலைமேல் நிற்கும் மேகத்தையும் பார்ப்பேன். பிறகு எழுதுவேன். நாற்பது வருடமாக யார் வந்தார்கள் என்று எழுதியவள், வந்தவர்களைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று முதன்முதலாக எழுதினேன். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அது அவளுக்கு அல்ல.

அவள் எங்களுக்குக் கொடுத்த பருவ வட்டம் ஒன்று உண்டு, எந்த மாதம் எதைக் கொண்டாடுவது என்று வட்டமாகப் போட்ட ஒரு தாள். ஐப்பசியில் உதிர்ந்த சருகு பொறுக்கி மாலை கட்ட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. ஐப்பசியில் எங்கள் தெருவில் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வரும். நான் பென்சிலால் திருத்தினேன். ஆடிப்பெருக்கு, ஆடி மாரியம்மன் பண்டிகை, மார்கழிக் கடைசி நாளில் வீட்டிலும் காட்டிலும் பூளைப்பூவும் வேப்பிலையும் கட்டுகிற காப்புக் கட்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கை கூப்பி வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் அதே வட்டம் என் திருத்தங்களோடு அச்சாகி வந்தது, அவள் யோசித்துச் செய்தது போல. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவளிடம் ஒரு மண்பானை இருந்தது. நாங்கள் எழுதும் தாள்களை மடித்து அதில் போடுவோம். வாயை மஞ்சள் துணியால் கட்டி எடுத்துப் போவாள். “ஒரு வாரம் மண்ணுக்குப் பக்கத்துல இருக்கட்டும்மா. யாரும் தொட மாட்டாங்க. பூமிக்கு மட்டும் சொன்னது பூமியோட இருக்கும்” என்பாள். மறு ஞாயிறு தாள்களைத் திருப்பித் தருவாள். நம்பினோம். பதினோரு பேரும், வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்தப் பானையில் போட்டோம்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு, மண்ணுக்கு நாம் கொடுத்தது என்ன என்று எழுதச் சொன்னாள். தங்கை என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் தாளில் இருந்தது ஒரே சொல்: ‘ஒண்ணுமில்லை.’ நான் குழந்தையைப் பற்றி எழுதினேன். ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அது என் மடியில்தான் வந்தது. ஆண்கள் குழி வெட்டினார்கள், நான் இதே மோட்டார் கொட்டகை ஓரத்தில் நின்றேன். ‘அன்று மழை. ஈர மண்ணில் வைத்தோம்’ என்று முடித்து மடித்துப் போட்டேன்.

மறு ஞாயிறு, மார்கழி பிறந்துவிட்டது. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பு நடத்துகிறவள் என் தங்கைக்குச் சீட்டு எடுத்தாள். ஐந்து கோப்பைகள். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்க, மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கும் படம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒரு குழந்தை தெரியுதும்மா. இந்த மண்ணுலதான் இருக்கா. மழை பெய்யுது. நனைஞ்ச மண்ணுல வெச்சிருக்காங்க. இன்னும் ஈரம் காயல. குளிருதுன்னு சொல்றா.”

தங்கை சத்தமே வராமல் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்க மாட்டேன், அந்த நிமிடம் நானும் நம்பினேன். எனக்கும் மழை என்றுதானே நினைவு.

“இங்க நிறைய பேர் வரணும், விளக்கு ஏத்தணும்னு கேக்குறா” என்றாள் அவள். இந்தக் காட்டைப் பத்து வருடத்துக்குத் தன் வகுப்புக்குக் குத்தகைக்கு விடச் சொல்லி அவள் ஆவணியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பிடி கொடுக்காமல் இருந்தாள். அன்று தலையை ஆட்டினாள். காப்புக் கட்டு நாளில் கையெழுத்து என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வருடத்து டைரியை எடுத்தேன். சந்தேகப்பட்டு அல்ல. நடந்த அதிசயத்தோடு பழைய பக்கத்தையும் சேர்த்துவைக்கலாம் என்றுதான். பக்கம் இப்படி இருந்தது: ‘செவ்வாய், சித்திரை. கடும் வெயில். மண் இறுகிக் கிடந்தது, கடப்பாரை போட வேண்டியிருந்தது. குழந்தைக்கு என் புது டவலைச் சுற்றினோம்.’ அடுத்த பக்கம்: ‘புதன். கோடை மழை. நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.’

இரண்டு நாட்களையும் என் நினைவு ஒன்றாக்கிவிட்டிருந்தது. அன்று மழை பெய்தது என்ற பொய் என் ஒரே ஒரு தாளில் இருந்தது, அந்தத் தாள் பானைக்குள் இருந்தது. பூமி சொல்லியிருந்தால் வெயிலைச் சொல்லியிருக்கும். சீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது. ஒரு துளி மழை இல்லை.

திங்கள் காலை வகுப்பு நடத்துகிறவளுக்குப் போன் செய்தேன்.

“என் தாளைப் படிச்சீங்களா?”

“பூமி படிச்சதும்மா. நான் வெறும் வழி.”

“பூமிக்குத் தன் மேல அன்னைக்கு மழை பெய்யலைன்னு தெரியாதா? அது நான் தப்பா எழுதினது.”

அதே மெல்லிய குரலில், “நீங்க தேதியையே பிடிச்சுட்டு இருக்கீங்கம்மா. உண்மை தேதியில இல்ல, உணர்வுல இருக்கு” என்றாள்.

என் வாழ்நாளில் இவ்வளவு அழுக்கான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அந்தக் குழந்தை நனைந்ததா இல்லையா என்பது அதைப் பெற்றவளுக்கு வெறும் உணர்வா? ஒரு தாய்க்கு இல்லாத குளிரைக் கொடுத்துவிட்டு, அதைப் போக்க விளக்கேற்றுகிறேன், நிலத்தைக் கொடு என்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

தங்கைக்கும் போன் செய்தேன். “அவ பொய் சொல்றா” என்று தொடங்கியதுமே, “முப்பத்தொரு வருசத்துல எம்புள்ளயப் பத்தி ஒருத்தி இப்பத்தான் பேசறா. அதையும் கெடுக்காதக்கா” என்று வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

மார்கழி பாதிக்கு மேல் போன பிறகு அவள் கணவர் கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை.

“அக்கா, அவ லாரித் தார்ப்பாயக் கொண்டுபோயி அந்த மூலைல விரிச்சு, நாலு பக்கமும் கல்லு வெச்சிருக்கறாளுங்க. பனி எறங்கப் போவுதுன்னு. தெனமும் வெடியால போயித் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க.”

காப்புக் கட்டு அன்று முதல் பஸ்ஸில் போனேன். பையில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. அடியில் அந்த டைரி. வீட்டு வாசலிலும் கொட்டகையிலும் காப்புக் கட்டியாகிவிட்டது. தங்கை காட்டில், தார்ப்பாய் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நீல நிறம், மேலே பனித்துளி. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதிலும் பூளைப்பூக் கொத்து கட்டியிருந்தாள். நான் டைரியைத் திறந்து நீட்டினேன். கண்ணாடி இல்லை, படி என்றாள். படித்தேன்.

“மழ பெஞ்சுது. சன்னல்ல பாத்தேனே.”

“அது மறுநாள். இதோ, புதன்.”

“அப்ப அந்தம்மா சொன்னது?”

“நான் தாள்ல எழுதினதைச் சொன்னா. நான் தப்பா எழுதிட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். வகுப்பு நடத்துகிறவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“இது இத்தன வருசமா உன்ற ஊட்டு அலமாரில இருந்துச்சு. டவலு சுத்துனது, வெயிலு, எல்லாம். எனக்கு ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணல. பானைல போடறதுக்கு மட்டும் தோணுச்சு.”

அடக்கம் முடிந்ததும் மூத்தவர்கள் அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்றார்கள். சரி என்றேன். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சரியை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“கடப்பார நாந்தான் புடிச்சேன்” என்றார். “மண்ணு கல்லாட்ட இருந்துச்சு சாமி. ரெண்டு கையும் கொப்பளிச்சிருச்சு. ஒரு சொட்டு ஈரமில்ல.”

“நீங்களும் சொல்லல” என்றாள் தங்கை.

“சொல்லல.”

ஒன்பது மணிக்கு வகுப்பு நடத்துகிறவள் வந்தாள். கையில் பூங்கொத்தும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமும். எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்தாள். தங்கை எழுந்து நின்றாள்.

“ஏனுங்க, எம்புள்ளய வெச்ச அன்னைக்கு மழையா, வெயிலா?”

அவள் கண் ஒரு கணம் என் கையிலிருந்த டைரிக்கு வந்துவிட்டுப் போனது. “மழைதானேம்மா. சீட்டுல வந்துச்சே” என்றாள்.

“காட்டுல கால வெக்காம அப்படியே திரும்பிப் போயிருங்க.”

தங்கை கத்தவில்லை. அவளோ விடாமல், மனம் கலங்கியிருக்கிறீர்கள், இன்னொரு சீட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றாள். தங்கையின் கணவர் அவளுக்கும் வரப்புக்கும் நடுவே போய் நின்றார். “எங்க கிளி அவ்வளவுதான் சொல்லுமுங்க. போயிட்டு வாங்க” என்றார்.

அந்த வகுப்பு இப்போது வேறு ஊரில் நடக்கிறதாம். மற்ற ஒன்பது பேருக்கும் நானே போன் செய்து பானையைப் பற்றிச் சொன்னேன். நான்கு பேர் நம்பவில்லை. ஒருத்தி மட்டும், தான் எழுதியதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் போனிலேயே அழுதாள். அதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லப்போவதில்லை. நான் இன்றும் காலையில் மாடிக்குப் போய்ச் சீட்டு எடுக்கிறேன், எழுதுகிறேன். தாள் வீட்டை விட்டுப் போவதில்லை. கார்த்திகைத் தாளில், பிழையான அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தியும் வைத்தேன்.

அன்று அவள் போனதும் தங்கை கற்களை எடுத்துப் போட்டாள். நாங்கள் மூவருமாகத் தார்ப்பாயை மடித்தோம். அடியில் மண் வெளுத்து உலர்ந்திருந்தது. அவள் அதில் உள்ளங்கையை வைத்தாள்.

“டவலு என்ன கலரு?” என்று கேட்டாள்.

டைரியில் அது இல்லை. நினைவில் இருந்தது. ஆனால் என் நினைவை நானே நம்பாத நாள் அது. தயங்கினேன்.

“ரோசு” என்றார் அவள் கணவர். “ஓரத்துல வெள்ளக்கோடு.”

ஆமாம், அதுதான்.