வான்மதியின் வைட்டமின் டப்பா

வான்மதிக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அமெரிக்காவில், இர்விங்கில் ஒரு கம்பெனியில் டெஸ்டர். யார் என்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தாலும் 'இது எங்கேயோ சொதப்பும்' என்று நம்புவதுதான் வேலை. ஒன்பது வருஷம் நம்பியே பெரிய ஆளாகிவிட்டாள். என்ன, சாயங்காலம் லேப்டாப்பை மூட முடிந்தது, அந்த மூளையை மூட முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தியவள் நாலு மணி நேரம் இறங்கவில்லை. அழவும் இல்லை. சீட் பெல்ட்டைக் கழற்ற ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மன அழுத்தத்துக்கான மாத்திரை அன்றைக்கப்புறம் வந்தது. வெண்பா வயிற்றில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் யாரையும் கேட்காமல் அதை நிறுத்திப் பார்த்தாள். மூன்றே வாரத்தில் குளியல் போச்சு, சாப்பாடு போச்சு. டாக்டர் பழையபடி ஆரம்பிக்கச் சொன்னார். "மாத்திரையிலயும் ரிஸ்க் இருக்கு, மாத்திரை இல்லாத உங்ககிட்டயும் ரிஸ்க் இருக்கு. ரெண்டையும் எடை போட்டுத்தான் சொல்றேன்." வான்மதி தலையை ஆட்டினாள். அவளுக்குள் இருந்த டெஸ்டர் ஆட்டவில்லை.

இப்போது வெண்பாவுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. இன்னும் கவிழவில்லை.

அதற்கு ஒரு எக்செல் ஷீட் இருந்தது. 'கொட்டாவி எட்டு.' 'ஃபேனைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்து இல்லை.' ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'மாத்திரையா?' என்று ஒரு கட்டம். ஆறாம் மாதச் செக்கப்புக்குள் குழந்தை கவிழாவிட்டால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். புருஷன் கவினிடம்கூடச் சொல்லவில்லை.

மாத்திரை இருந்தது வைட்டமின் டப்பாவில். காரணம், மாமியார் புஷ்பவல்லி. வான்மதியின் அம்மா ஊர் திரும்பியதும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து இறங்கிய இரண்டாவது ஷிப்ட். மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்குகிற வைட்டமின் என்ன வைட்டமின் என்று அந்தம்மாவுக்கும் ஒரு கண் இருந்தது.

அந்தம்மா கார்ப்பெட்டையும் நம்பவில்லை. "ஏங்கண்ணு, இந்த ஊட்டுல முன்னால குடியிருந்தவன் இதுல என்னென்ன பண்ணுனானோ! இதுலயா புள்ளையக் கெடத்துறது?" அதனால் குழந்தை ஒன்று இடுப்பில், இல்லையென்றால் தூளியில். உடம்பைக் குறைக்கிறேன் என்று கவின் கதவு நிலையில் மாட்டி, ஒரே ஒரு நாள் தொங்கிய கம்பியில் மாமியாரின் சுங்குடிப் புடவை தூளியாக ஆடிக்கொண்டிருந்தது.

செக்கப்புக்கு மாமியாரும் மருமகளும் குழந்தையோடு போனார்கள். குழந்தை டாக்டர் ராஜலக்ஷ்மி சென்னைக்காரர். கவிழ்கிறாளா என்று கேட்டதும் வான்மதிக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்ல டாக்டர். நான் பிரெக்னன்சி முழுக்க டிப்ரெஷனுக்கு மாத்திரை எடுத்தேன். இப்பவும் எடுக்கறேன். அதனாலதானா?"

புஷ்பவல்லியின் கைப்பை கீழே விழுந்தது.

டாக்டர் வெண்பாவைக் குப்புறப் போட்டார். அவள் தலையைத் தூக்கி எல்லாரையும் முறைத்தாள்.

"கழுத்து ஜம்முனு நிக்குது. தினம் எவ்ளோ நேரம் தரையில விடறீங்க?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் சுவரைப் பார்த்தாள்.

"தூளியில தானுங்க இருப்பா" என்றார் புஷ்பவல்லி.

"தூளிக்குள்ள கவிழணும்னா சர்க்கஸ்லதான் சேர்க்கணும், மாமி. வான்மதி, நூறு பர்சென்ட்னு நான் எதுக்கும் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப இவகிட்ட பயப்பட எதையும் நான் பார்க்கல. மாத்திரை மேல பழி போடறதுக்கு முன்னாடி தரைக்கு ரெண்டு வாரம் குடுங்க. அப்புறம் வந்து காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க."

சரி, தரைக்கு இரண்டு வாரம். அதற்குள்ளும் கவிழாவிட்டால் டப்பா குப்பைக்கு என்று வான்மதி தேதியைத் தள்ளிவைத்தாள்.

கார் ஃப்ரீவே ஏறியதும் புஷ்பவல்லி ஆரம்பித்தார்.

"அப்ப அது ஒடம்பு எளைக்கற மாத்தர இல்லியா?"

"இல்லீங்க அத்தை."

"அடக் கெரகமே! பாலு வத்தீருமேன்னு ரெண்டு மாசமா உனக்கு நெய்ய அள்ளி ஊத்துனேனே! எங்கிட்டச் சொன்னா என்ன, ஊருக்கெல்லாம் போன் போட்டா சொல்லப்போறேன்?"

போடுவார் என்றுதான் வான்மதி நினைத்தாள்.

அன்றைக்கே ஒரு பாய் வாங்கி விரித்தார்கள். வெண்பா பத்து நாளும் அதில் கிடந்து கூரை பிய்ந்துபோகக் கத்தினாள். பதினோராம் நாள் காலையில் சத்தமே இல்லை. சமையலறையிலிருந்து இரண்டு பேரும் ஓடிவந்தால், குழந்தை குப்புறக் கிடந்து பாயை நக்கிக்கொண்டிருக்கிறது.

"நீ திருப்பி உட்டியா?"

"நீங்கதான விட்டீங்க?"

"கரண்டியோட நிக்கறேன், நானெங்க உட்டேன்!"

ரெண்டு பேருக்கும் நம்பிக்கை வரவில்லை. மல்லாக்கப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். அடுப்பில் தோசை கருகியது. வெண்பா காலைத் தூக்கினாள், யோசித்தாள், பொத்தென்று கவிழ்ந்தாள்.

வான்மதி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பவல்லி உள்ளே போய், வைட்டமின் டப்பாவையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்தார்.

"இன்னிக்கு முழுங்குனியா?"

"இன்னும் இல்லீங்க அத்தை."

"முழுங்கு."

விழுங்கினாள்.

"எங்க, வாயத் தொறந்து காட்டு."